கலர் தெரியாத கேமரா

என் தம்பி ஒரு கேமரா வாங்கிட்டு வந்தான். அதுல கலரே வராதாம்.

"ஏன்டா, கையில இருக்கிற போன்லயே பூவும் வானமும் பளபளன்னு விழுது. நீ போய் ஒரு வண்டி வாங்கற காசைக் கொட்டி, கலர் வராத கேமராவை வாங்கிட்டு வந்திருக்க. புத்தி கித்தி பிசகிடுச்சா?"ன்னு கேட்டேன்.

அவன் சிரிச்சான். எதுக்கும் சிரிப்பான் அவன். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவனுக்கு. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஊரார் எலும்பையெல்லாம் கருப்பு வெள்ளையில பார்க்கிறதுதான் பொழப்பு. அது போதலைன்னு லீவு நாள்ல பார்க்கிறதுக்கும் கருப்பு வெள்ளையே வாங்கியிருக்கான் மகராசன்.

"பழைய பிலிம் கேமராவா?"

"இல்லக்கா, டிஜிட்டல்தான். மத்த கேமராவுல உள்ளே சிவப்பு, பச்சை, நீலம்னு பொடிப்பொடியா கண்ணாடி பதிச்சிருப்பாங்க. இதுல அது கிடையாது. வெளிச்சம் நேரா போய் விழும். எவ்வளவு வெளிச்சம்னு மட்டும்தான் இதுக்குத் தெரியும், என்ன கலர்னு தெரியாது."

"அப்புறமா கம்ப்யூட்டர்ல போட்டுக் கலராக்கிக்கலாம்தானே?"

"எப்படிக்கா? அதுக்குத் தெரிஞ்சாத்தானே சொல்லும்."

நல்லா இருக்குடா உன் நியாயம்னு சொல்லிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கையில எடுத்தேன்.

நான் லாண்டரி வெச்சிருக்கேன். பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல, சாவி போடற கடைக்குப் பக்கத்துக் கடை. முன்னால கவுன்ட்டர், பின்னால ஸ்டீம் டேபிள், இடது பக்கம் பாய்லர், தலைக்கு மேல கம்பி முழுக்க ஹேங்கர்ல சட்டைங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெள்ளை டேக், அதுல தண்ணி பட்டாலும் அழியாத சிவப்பு இங்க்ல நம்பர். காபி, பேனா மை, வண்டி கிரீஸ், லிப்ஸ்டிக், எந்தக் கறையைக் கொண்டு வந்தாலும் எடுத்துடுவேன். ஒண்ணே ஒண்ணுதான் என்கிட்ட தோத்துப் போகாதது. என் முகத்துல இடது பக்கம், கண்ணுக்குக் கீழேர்ந்து கழுத்து வரைக்கும் ஒரு சிவப்பு மச்சம். பிறக்கும்போதே கூட வந்தது. புதுசா வர்ற கஸ்டமர் துணியைக் கொடுத்துட்டு அங்கேயே பார்த்துக்கிட்டு நின்னா, "இது மட்டும் போக மாட்டேங்குதுங்க, எல்லாப் பவுடரும் போட்டுப் பார்த்தாச்சு"ன்னு நானே சொல்லிடுவேன். அவங்க அசடு வழியறதைப் பார்க்கணுமே!

கஸ்டமருங்களும் இப்போ முன்ன மாதிரி இல்ல. யாரும் வாயைத் திறந்து பேசறதில்ல, முனகுறாங்க. என்ன, என்னன்னு ரெண்டு தடவை கேட்டா எனக்கே சுர்ருன்னு வந்துடும்.

வீட்ல எனக்கு மொளகான்னு பேரு. மச்சத்துக்காக வெச்சாங்களா, வாய்க்காக வெச்சாங்களான்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. என் கூடப் பிறந்தவளுக்குப் பேரு சர்க்கரை. நாங்க ரெட்டைப் பிள்ளைங்க. ஒரே மூக்கு, ஒரே நெத்தி, சிரிச்சா ஒரே பல்லு. எனக்கு மச்சம், அவளுக்கு இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். நான் கொஞ்ச நேரம் முன்னால வந்துட்டதால அக்கா. எந்தப் போட்டோ எடுத்தாலும் எங்கம்மா என் தாடையைப் பிடிச்சு மச்சம் தெரியாதபடி திருப்பி நிக்க வெப்பாங்க. அதனால என் போட்டோ எல்லாத்துலயும் நான் யாரையோ தேடற மாதிரி ஒரு பக்கமாத்தான் பார்த்துக்கிட்டிருப்பேன்.

சர்க்கரை கல்யாணமாகி, ஒரு பொண்ணைப் பெத்துட்டு, சின்ன வயசுலயே போயிட்டா. காய்ச்சல்னு படுத்தா, எழுந்திருக்கல. பிள்ளைக்கு அப்போ பள்ளிக்கூடம் போற வயசு கூட இல்ல. பிள்ளையோட அப்பா கொஞ்ச நாள் பார்த்தார், முடியல, என்கிட்ட கொண்டு வந்து விட்டார். அப்புறம் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டார். நல்ல மனுஷன்தான், பிறந்த நாளுக்குத் தவறாம போன் பண்ணுவார். நான் கல்யாணம் பண்ணிக்கல. கேட்டவங்களும் இல்ல, கேட்டிருந்தா நானும் சும்மா விட்டிருக்க மாட்டேன். அந்தப் பிள்ளைதான் எனக்கு எல்லாம்.

வாலுன்னுதான் கூப்பிடுவேன் அவளை. இந்தக் கடையிலேயே வளர்ந்தா. ஹேங்கர் கம்பிக்குக் கீழே உக்கார்ந்து பாடம் படிச்சா, டேக்ல நம்பர் போட்டா, கஸ்டமர் ஏதாவது முனகினா எனக்குத் திரும்ப எடுத்துச் சொல்லுவா, பெரிய வக்கீல் கணக்கா. இப்போ படிப்பு முடிச்சு, வேலை கிடைச்சு, வேற ஊருக்குப் போகப் போறா. ஞாயித்துக்கிழமை காலையில ரயில்.

எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனா உள்ளுக்குள்ள ஒரு முள்ளு இருந்தது. அதை யார்கிட்டயும் சொன்னதில்ல, இப்போ சொல்றேன்.

அந்தப் பிள்ளை வந்த நாள்லேர்ந்து எனக்கு வலது பக்கம்தான் உக்காருவா. சாப்பிட உக்கார்ந்தாலும் வலது பக்கம், பஸ்ல போனாலும் வலது பக்கம், ரோட்ல நடந்தாலும் சுத்திக்கிட்டு வந்து வலது பக்கம் சேர்ந்துக்குவா. இடது பக்கம் எவ்வளவு இடம் இருந்தாலும் வர மாட்டா. சின்னப் பிள்ளை, மச்சத்தைப் பார்த்துப் பயப்படுதுன்னு முதல்ல நினைச்சேன். வளர்ந்தா மாறும்னு இருந்தேன். மாறல. அப்புறம் ஒரு நாள் கண்ணாடி முன்னால நின்னு, இடது கன்னத்தைக் கையால மூடிப் பார்த்தேன். சர்க்கரை நின்னா எதிர்ல.

அப்பத்தான் உறைச்சது. பிள்ளை என் வலது பக்கம் உக்கார்ந்து அவ அம்மாவைப் பார்த்துக்கிட்டிருக்கா. என்னை இல்ல.

சரி, அவ அம்மாதானே, பார்த்துட்டுப் போகட்டுமேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனாலும் வலிச்சது, பொய் சொல்ல மாட்டேன். ஜுரத்துக்குக் கஞ்சி ஊத்தினது நான். பரீட்சைக்கு எழுப்பி விட்டது நான். ஸ்கூல்ல வாத்தியாரம்மாகிட்ட சண்டை போட்டது நான். இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது இந்தப் பிள்ளை என்னை, மொளகாயை, முழுசாப் பார்த்திருக்காளா? அவ ஊருக்குப் போறதுக்குள்ள அதைத் தெரிஞ்சுக்கணும் எனக்கு. கேக்க மட்டும் வாய் வரல. ஊரையெல்லாம் கிழிக்கிற வாய்தான்.

இந்த நேரம் பார்த்து வாலு அவ மாமாகிட்ட, "பெரியம்மாவை நல்லதா ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்க மாமா. ரூம்ல வெச்சுக்கணும்"னு கேட்டிருக்கா. அதான் தம்பி புதன்கிழமை மதியம் கேமராவோட கடைக்கு வந்து நின்னான். பிள்ளை பெட்டி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தா.

"முடியாது"ன்னேன்.

"பிள்ளை ஆசையாக் கேட்டிருக்கா."

அதுக்கப்புறம் என்னத்தைச் சொல்றது? சட்டைங்களுக்கு முன்னால ஸ்டூலைப் போட்டு உக்கார்ந்தேன். பழக்கத்துல முகத்தைத் திருப்பினேன்.

"நேரா பாருக்கா."

"நேரா பார்த்தா உன் கேமரா வெடிச்சுடும்டா."

"கலர் தெரியாத கேமராக்கா இது. ஒண்ணும் ஆகாது, பாரு."

அந்தக் கேமராவுல பார்க்கிற ஜன்னல் வேற, படம் பிடிக்கிற கண்ணு வேற. மேல மூலையில சின்னதா ஜன்னல் இருக்கும், அதுல கண்ணை வெச்சுப் பார்க்கணும். நடுவுல ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள்ள எதிர்ல இருக்கிற ஆளு ரெண்டு ரெண்டாத் தெரிவாங்களாம். வளையத்தைத் திருப்பித் திருப்பி ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணாச் சேர்த்தாத்தான் படம் தெளிவா விழும். திருப்பிக்கிட்டே இருந்தான்.

"இப்போ ரெண்டு அக்கா தெரியறீங்க"ன்னான்.

சொல்லிட்டு அவனே நாக்கைக் கடிச்சுக்கிட்டான். "சீக்கிரம் ஒண்ணாக்குடா, ஒருத்தியையே தாங்க முடியல உங்களால"ன்னு நான்தான் பேச்சை மாத்தினேன்.

படம் பிடிக்கிற கண்ணு ரத்தச் சிவப்பா மின்னுச்சு. விலை கூடின சாமான், அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். என்னடா இதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தக் கதையே இல்ல.

நகத்தைத் தட்டற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். எடுத்துட்டான். பின்னால இருக்கிற திரையைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்னான். சிரிக்கல.

"என்னடா, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிற? கொடு இங்க."

வாங்கிப் பார்த்தேன்.

சர்க்கரை உக்கார்ந்திருந்தா. என் ஸ்டூல்ல, என் சேலையைக் கட்டிக்கிட்டு, நேரா என்னைப் பார்த்துக்கிட்டு. கன்னம் ரெண்டும் சுத்தமா இருந்தது. காதோரம் நரைச்சிருந்தது, கண்ணுக்குக் கீழே சுருக்கம். அவ போனப்போ அவ தலையில ஒரு நரை கிடையாது. இந்த வயசு அவளுக்கு வரவே இல்ல. எனக்கு வந்தது, அவளுக்கு வரல. கேமராவைக் கையில வெச்சுக்கிட்டு ஸ்டூல்ல உக்கார்ந்து அழுதேன். தம்பி என் தோளைப் பிடிச்சுக்கிட்டு அவனும் அழுதான். ஒரு கஸ்டமர் வந்து பார்த்துட்டு, துணியை வெச்சுட்டுப் பேசாம போயிட்டார்.

மூக்கைச் சிந்திட்டுத் திரும்ப ஒரு தடவை பார்த்தேன். பார்த்தா, பின்னால தொங்கற சட்டையில ஒரு டேக்லயும் நம்பர் இல்ல. எல்லாம் வெள்ளையா இருக்கு.

"டேய், என் நம்பரெல்லாம் எங்கடா?"ன்னு கத்தினேன்.

அவன் டேக்கைப் பார்த்தான், கேமராவைத் திருப்பி முன்பக்கம் பார்த்தான், தலையில அடிச்சுக்கிட்டான். "அய்யோ, பில்டர்!"

காலையில மொட்டை மாடியில மேகத்தைப் படம் எடுக்கப் போனானாம். சிவப்புக் கண்ணாடி ஒண்ணை முன்னால மாட்டினா வானம் கருத்து, மேகம் தனியா எழுந்து நிக்குமாம். எடுத்துட்டுக் கழட்ட மறந்திருக்கான். அவன் பார்க்கிற ஜன்னல் வேறயா, சிவப்பு அவன் கண்ணுக்குத் தெரியவே இல்ல. சிவப்புக் கண்ணாடி வழியா வந்தா சிவப்பெல்லாம் வெள்ளையோட வெள்ளையாப் போயிடுமாம். என் டேக் நம்பரும் போச்சு, என் மச்சமும் போச்சு.

"கழட்டிட்டு இன்னொண்ணு எடுத்துடறேன்கா."

"வேண்டாம்"னேன். "இதையே பெரிசாப் போட்டுக் கொடு. வாலுகிட்ட கொடுக்கணும்."

"அக்கா, அவ உன் படத்தைத்தான் கேட்டா."

"அவ இத்தனை வருஷமாப் பார்த்துக்கிட்டிருக்கிற முகம் இதுதான்டா. பாதி பாதியாப் பார்த்தா பாவம், முழுசா எடுத்துட்டுப் போகட்டும்."

"என்ன உளர்ற? இது நீதானே?"

"நான் யாரா இருந்தா உனக்கென்ன? போட்டுக் கொடுடான்னா கொடு!"

கோவத்துல கத்தினதுல அவனுக்கு ஒண்ணும் புரியல. எனக்கே பாதிதான் புரிஞ்சது. தங்கச்சி மேல எனக்குப் பொறாமை கிடையாது. அவ பிள்ளை, அவ முகம். ஆனா அந்தப் படத்தைப் பார்த்ததும் பிள்ளை முகம் எப்படி மலரும்னு நினைச்சேன், என்னைப் பார்த்து அது ஒரு நாளும் அப்படி மலர்ந்ததில்லையேன்னும் நினைச்சேன். ரெண்டு நாள் ராத்திரிச் சாப்பாடு இறங்கல.

சனிக்கிழமை மதியம் கூட்டம் குறைஞ்சதும் கொடுத்தேன். பிரேம் போட்டு, நம்ம கடை பிளாஸ்டிக் கவர்லயே போட்டு, மேல ஒரு டேக் கூட மாட்டியிருந்தேன். தம்பி கவுன்ட்டர்ல சாய்ஞ்சுக்கிட்டு, கழுத்துல கேமராவோட நின்னான்.

"இந்தாடி. உங்கம்மா இருந்திருந்தா இப்போ இப்படித்தான் இருப்பா. எடுத்துட்டுப் போ."

கொடுத்துட்டு ஸ்டீம் டேபிளுக்குப் போயிட்டேன். ஏற்கெனவே தேய்ச்ச சட்டையையே திரும்ப எடுத்துத் தேய்ச்சேன். கவரைப் பிரிக்கிறது ஓரக்கண்ணுல தெரிஞ்சது. பிரிச்சா. பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. ஒரு விரலால கன்னத்துல தடவினா. கண்ணு கலங்கிடுச்சு அவளுக்கு.

போச்சு, நான் நினைச்சதுதான் சரின்னு மனசு விட்டுப் போச்சு எனக்கு.

படத்தைத் தூக்கிக்கிட்டு நேரா என்கிட்ட வந்தா. வலது பக்கமா வந்து நின்னா.

"பெரியம்மா, மச்சத்தை என்ன பண்ணீங்க?"

"அது உங்கம்மா மாதிரி..."

"அம்மா மாதிரியா? எங்கம்மா எந்தப் போட்டோவுலயாவது முறைச்சிருக்காங்களா? எல்லாத்துலயும் சிரிப்புதான். இது நீங்க 'காலர்ல என்னய்யா இது, மாசக்கணக்காப் போட்டுக்கிட்டியா'ன்னு கஸ்டமரைக் கேக்கிற மூஞ்சி! மச்சம் இல்லாட்டி எனக்குத் தெரியாதா?"

தம்பி அங்கேர்ந்து களுக்குன்னு சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல. இத்தனை வருஷம் அடக்கி வெச்சது மொத்தமாப் பொங்கிட்டு வந்தது.

"அவ்வளவு தெரிஞ்சவ ஏன்டி எப்பவும் இந்தப் பக்கமே வந்து உக்கார்ற? மச்சம் இருக்கிற பக்கம் ஒரு நாளாவது வந்திருக்கியா? உங்கம்மா மூஞ்சியைப் பார்க்கத்தானே இங்க உக்கார்ற? உண்மையைச் சொல்லு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்!"

இஸ்திரிப் பெட்டி கையில, கண்ணுல தண்ணி. பார்க்கச் சகிச்சிருக்காது.

வாலு வாயைப் பொளந்துக்கிட்டு நின்னா. அவ மாமாவைப் பார்த்தா. அவன் மோட்டுவளையைப் பார்த்தான்.

"பெரியம்மா," மெதுவாச் சொன்னா, "உங்களுக்கு இடது காது கேக்காது."

"யாருக்கு? எனக்கா?"

"சின்னதுல அந்தப் பக்கம் நின்னு எவ்வளவு கூப்பிட்டாலும் நீங்க திரும்ப மாட்டீங்க. இந்தப் பக்கம் வந்து கூப்பிட்டா உடனே என்னடின்னு கேப்பீங்க. அதான் இங்கேயே உக்கார ஆரம்பிச்சேன். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"யாருடா இவ, எனக்குக் காது கேக்காதுன்னு..." தம்பி பக்கம் திரும்பினேன்.

"போனை எந்தக் காதுல வெப்ப அக்கா?"ன்னான் அவன். "ஊர்ல எல்லாரும் முனகுறாங்கன்னு சொல்லுவியே, என்கிட்ட யாரும் முனகறதில்ல."

அய்யோடா! ஸ்டூல்ல உக்கார்ந்துட்டேன். இத்தனை வருஷம் ஒரு காதை வெச்சுக்கிட்டு என் மனசைக் கிண்டிக் கிண்டிப் புண்ணாக்கியிருக்கேன். பிள்ளை கஸ்டமர் பேச்சையெல்லாம் திரும்ப எடுத்துச் சொன்னது வக்கீல் வேலை இல்ல. எனக்கு இடது பக்கம், பாய்லர்கிட்ட யாராவது வந்தா ஓடி வந்து குறுக்க நின்னதும் அதுக்குத்தான். இந்தக் காதைப் பத்தி எனக்கே தெரியாது, அவ முளைக்கும்போதே தெரிஞ்சு வெச்சிருக்கா. என்னைப் பார்க்கலைன்னு நினைச்சேன் பாருங்க, என்னை விட நல்லா என்னைப் பார்த்து வெச்சிருக்கா கழுதை.

"இந்தப் படம் எனக்கு வேணும்"னு சொல்லிப் பிரேமைக் கவர்லயே திரும்பப் போட்டா. "அம்மாவுக்கு நரைச்சா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிறதுக்கு. ஆனா நான் கேட்ட படம் இது இல்ல. மாமா, மச்சம் தெரியற மாதிரி எடுங்க."

தம்பி கேமரா முன்பக்கம் கையை வெச்சுப் பார்த்துக்கிட்டான். "ஒண்ணும் மாட்டல. அப்படியே எடுத்தாலே தெரியும்."

"நல்லா, கருப்பாத் தெரியணும்."

"அப்படின்னா பச்சைக் கண்ணாடி மாட்டணும். சிவப்பெல்லாம் மை மாதிரி விழும்."

"மாட்டுங்க."

"அடியே, அதுக்குன்னு..." நான் சொல்லி யாரு கேட்டா? பையிலேர்ந்து பச்சைக் கண்ணாடி எடுத்துத் திருகினான். கண்ணை ஜன்னல்ல வெச்சான், வளையத்தைத் திருப்பினான். நான் ஸ்டூல்ல நேரா பார்த்து உக்கார்ந்தேன். யாரும் தாடையைப் பிடிக்கல.

வாலு சுத்திக்கிட்டு வந்தா. முதல் தடவையா இடது பக்கம் வந்தா. பாய்லருக்கும் எனக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, மச்சத்தோட கன்னம் ஒட்டி, காதுல என்னமோ சொன்னா. மூச்சு பட்டது. சூடா இருந்தது. ஒரு வார்த்தை விழல.

என்னடின்னு கேக்கலாம். ஏன்டி முனகுறன்னு திட்டலாம். இத்தனை நாள் அதைத்தானே பண்ணிக்கிட்டிருந்தேன்.

"கேக்கலைடி"ன்னேன். "இந்தக் காது கேக்காது. அந்தப் பக்கம் வந்து சொல்லு."

வந்தா. வலது காதுல வாயை வெச்சு, கடைக்கே கேக்கிற மாதிரி சொன்னா: "போற ஊர்ல என்னை முறைக்க யாரு இருக்கான்னு கேட்டேன் பெரியம்மா."

திரும்பி அவளை நல்லா முறைக்கத்தான் பார்த்தேன். வரல. அந்த நேரம் பார்த்துத் தம்பி எடுத்துட்டான்.